உள்ளே விட்ட துணி

வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ரேஷன் கடையில் எடை போடுகிற நாச்சிமுத்துவின் பேண்ட்டை இடுப்பில் ஒரு இஞ்சு பிடிக்க வேண்டியதற்குக் கலாமணி ஏதோ நினைப்பில் மூன்று இஞ்சு பிடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை சண்டைக்கு வருவார், லைன் வீட்டு வாசலில் நின்று நாலு பேர் கேட்கக் கத்துவார் என்று வேலைக்குக் கிளம்புகிறவரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் வரவில்லை. பேண்ட்டை மாட்டிய கணத்தில் அவருடைய தொப்பை அதற்குத் தக்கபடி உள்ளே போய்விட்டது. வாயுத் தொல்லைக்குக் குடித்த கஷாயம் இப்போதுதான் வேலை செய்கிறது என்று வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் வயிற்றைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஆறாவது படிக்கிற ஒரு பெண்ணின் யூனிபார்ம் பாவாடையை மடிப்புப் பிரித்து ஒன்றரை இஞ்சு இறக்கிக் கொடுத்தாள். அந்தப் பெண் பாவாடையைக் கட்டிக்கொண்டதும் ஒன்றரை இஞ்சு வளர்ந்தாள். வளர்கிற பிள்ளை வளராமல் என்ன செய்யும் என்று அம்மாக்காரி சொல்லிவிட்டாள். அதற்கடுத்த வாரம் பால்காரர் கருப்பணனின் பேண்ட்டைக் காலில் இரண்டு இஞ்சு குறைத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கருப்பணனுக்கு நாற்பத்தெட்டு வயது, வளர்வதற்கோ தேய்வதற்கோ ஒரு காரணமும் இல்லாதவர். அவர் மொபெட்டை நிறுத்திக் கால் ஊன்றப் போனபோது தரை எட்டாமல் வண்டியோடு சாய்ந்தார், கேனிலிருந்த பால் அத்தனையும் லைனின் பத்து வீட்டு வாசலிலும் ஓடியது. பாலைக் கழுவிவிட்டபடியே பெண்கள் ஒன்றோடொன்றைச் சேர்த்துப் பார்த்து, கலாமணி தைத்தால் உடம்பு துணி சொன்னபடி கேட்கிறது என்று முடிவுக்கு வந்தார்கள். ஏன், எதனால் என்று யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை, குழாயில் தண்ணீர் வருகிற நேரம் ஆகிவிட்டது.

கலாமணிக்கு நாற்பத்தொரு வயது. திருப்பூரின் மேற்கு ஓரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் டைலர். வாரத்தில் ஆறு நாளும் பவர் மெஷினில் உட்கார்ந்து பனியனுக்குத் தோள் சேர்க்கிற வேலை, அதைத் தவிர வேறு வேலை அங்கே அவளுக்குக் கிடையாது. புருஷன் ஆறுச்சாமிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தால்தான் ஆள் உட்கார்ந்திருப்பார். கம்பெனி வேலை இருக்கிறவரைக்கும்தான் ஈ.எஸ்.ஐ., ஈ.எஸ்.ஐ. இருக்கிறவரைக்கும்தான் அந்தச் செவ்வாயும் வெள்ளியும். ஆனால் போகவர ஆட்டோவுக்கும் அவர் வாய்க்குப் பிடித்த இரண்டு இட்லிக்கும் ஈ.எஸ்.ஐ. பொறுப்பில்லை என்பதால், சீதனமாக வந்த கால்மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு, 'இங்கு ஆல்ட்ரேஷன் செய்யப்படும்' என்று ஒரு அட்டையில் எழுதிக் கதவில் மாட்டியிருந்தாள். வெளியே தைக்கிற கை உள்ளே ஓயும் என்று சொல்லி, போன வருஷம் ஒரு பெண்ணைக் கம்பெனி நிறுத்தியிருந்தது. அதனால் அந்த அட்டை ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே வரும், சாயங்காலம் அரிசி டின்னுக்குப் பின்னால் போய்விடும்.

இப்போது அட்டை தேவைப்படவில்லை. ஞாயிறு விடிந்தால் வாசலில் வரிசை. பஸ்ஸில் தலை இடிக்கிறது ஒரு இஞ்சு குறை என்று கண்டக்டர் வந்தார், பொண்ணு பார்க்க வருகிறார்கள் ஒரு இஞ்சு கூட்டு என்று மாப்பிள்ளை வீட்டுக்குக் காத்திருந்தவள் வந்தாள், நாற்காலியில் கால் தொங்குகிறது என்று ஆபீஸ் பையன் வந்தான், கல்யாண மோதிரத்தைத் தவிர மற்ற எல்லாம் சிறுத்துவிட்டது என்று ஒரு கிழவர் வந்தார். தெருமுனை கிளினிக் டாக்டர் மாத்திரைச் சீட்டின் கடைசி வரியில் 'கலாமணியிடம் காட்டவும்' என்று எழுத ஆரம்பித்தார். துணியைத் துவைத்துக் காயவைத்துத்தான் கொண்டுவர வேண்டும், தைத்து முடிகிறவரை பல்லில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது என்பதெல்லாம் கலாமணி சொன்னதில்லை, ஊரே ஏற்படுத்திக்கொண்டது. ரெடிமேட் சட்டையில் உள்ளே துணி இருக்காது, ஆகவே ரெடிமேட் போடுகிறவர்களைக் குறைக்கலாம், கூட்ட முடியாது என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம்.

நாச்சிமுத்து ஒரே மாதத்தில் திரும்பி வந்தார். தொப்பை இல்லாத ஆள் எடை போட்டால் ஜனங்கள் தராசையே உற்றுப் பார்க்கிறார்கள், மரியாதை போய்விட்டது, பழையபடி ஆக்கிக் கொடு என்றார். கலாமணி பிடித்த துணியை வெட்டாமல் உள்ளேயே மடித்து விட்டிருந்தாள். தையலைப் பிரித்துவிட்டாள், தொப்பை வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கருப்பணனும் வந்தார். ஆனால் அவர் பேண்ட்டில் மிஞ்சின துணியை அவர் பெண்சாதி எப்போதோ வெட்டி எடுத்து, தோசைக்கல் பிடிக்க வைத்துக்கொண்டிருந்தாள், அது பாதி கருகிப்போயிருந்தது. கருப்பணன் இன்றைக்கும் இரண்டு இஞ்சு குறைந்தபடிதான் பால் ஊற்றுகிறார். அன்றிலிருந்து கலாமணி ஒரு விஷயத்தில் கண்ணும் கருத்துமாக இருந்தாள்: எந்தத் துணியாக இருந்தாலும் ஒரு விரல்கடை உள்ளே விட்டுத்தான் தைப்பாள், அதை வெட்டக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்காமல் துணியைக் கொடுக்க மாட்டாள்.

ஊர் இதையெல்லாம் வெயிலையும் மழையையும்போல எடுத்துக்கொண்டுவிட்டது, பயம் முழுவதும் கலாமணியிடம் தங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் மஞ்சள் ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து, "கை ரெண்டையும் நாலு இஞ்சு குறைச்சிருங்க்கா" என்றாள். ஜாக்கெட் அவளுக்குப் பத்தாது என்பது பார்த்தாலே தெரிந்தது. "யாருதுங்க இது?" என்று கேட்டதற்கு, "என்ற ஓர்ப்படியாளுதுங்க, கொழுந்தன் சம்சாரம். அவ கைதானுங்க ரொம்ப நீளுது" என்று சிரித்தாள். கலாமணி ஜாக்கெட்டை அவள் மேலேயே வீசிக் கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகுதான் பயம் பிடித்தது, ஏனென்றால் அவள் பார்க்காமல் தைக்கிறவள், கம்பெனிக் கை அப்படித்தான் பழகியிருந்தது, சாக்குக்கட்டியால் போட்ட கோடு தெரிந்தால் போதும், துணி யாருடையது என்று பார்க்காது. இதற்கு முன்னால் எத்தனை பேருடையதை அப்படித் தைத்தாளோ என்று அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை. துணிக்குரிய ஆள் அதைப் போட்டுக்கொண்டு நேரில் வந்து நிற்க வேண்டும் என்று அதன்பிறகு கறாராகச் சொல்லிவிட்டாள்.

ஆனால் அந்த மஞ்சள் ஜாக்கெட் கதை எப்படியோ பரவிவிட்டது. மொட்டைமாடிகளில், சந்துகளில், ஜன்னல் கம்பிகளில் எங்கும் துணி காயப்போடுவது நின்றது. கொடிகள் வெறும் கயிறாகத் தொங்கின, ஜனங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உள்பாவாடையையும் லுங்கியையும் உலர்த்தினார்கள். சண்டை என்று வந்தால், உன் சட்டையைக் கலாமணிகிட்டக் கொண்டுபோயிருவேன் என்பதுதான் எல்லார் வாயிலும் கடைசி வார்த்தை. அவளைப் பார்த்தால் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கொடிகளின் கீழே நடந்து பஸ்ஸுக்குப் போகிறபோதெல்லாம் கலாமணிக்கு அழுகையாக வந்தது.

ஆறுச்சாமி மட்டும் தன் சட்டையைப் பயமில்லாமல் ஆணியில் மாட்டிவைத்தார். உடம்பு இளைத்து இளைத்து அது அவர் மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஊருக்கெல்லாம் பிடிச்சுக் குடுக்கற. என்ற சட்டைய ஒருக்கா பிடியேன் புள்ள, காத்தடிச்சாப் பறந்துருவனாட்ட இருக்குது" என்பார்.

"மாட்டனுங்க மாமா. உங்ககிட்ட இருக்கறதே கொஞ்சம். அதுல நான் எதைப் பிடிக்கிறது" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஒரே ஆறுதல் கம்பெனி. அங்கே ஒரு நாளைக்கு எண்ணூறு பனியனுக்குத் தோள் சேர்த்தாலும் ஒருவர் தோளும் அசையவில்லை, அந்தப் பனியன்களுக்கு இன்னும் ஆள் கிடையாது, எந்தத் தேசத்திலோ எவனோ வாங்கி மாட்டுகிறவரை அவை வெறும் துணி. உள்ளே நுழைந்து, சேலைக்கு மேல் கம்பெனியின் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்ததும், கலாமணிக்கு இந்தக் கை தன் கைதான், வேறு யாருடையதும் இல்லை என்று மூச்சு வரும்.

அந்த மூச்சும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நின்றுபோனது. இன்சார்ஜ் தனபாலன் அவளை ரூமுக்குக் கூப்பிட்டார். தனபாலன் குரலை உயர்த்தாத மனிதர், டைலர்களைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். அவரிடம் திட்டு வாங்கியவர்கள் வெளியே வந்து யோசித்த பிறகுதான் அது திட்டு என்று தெரியும்.

"உக்காருங்க கலாமணி. ஞாயித்துக்கிழமை என்ன பண்றீங்க?"

"சும்மாதானுங்க இருக்கறன்."

"சும்மாவா? பால்காரர் கருப்பணன் எங்க வீட்டுக்கும்தான் பால் ஊத்தறாரு."

கலாமணி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "வேலைய விட்டு நிறுத்தீராதீங்க சார். அவருக்கு வாரத்துக்கு ரெண்டு வாட்டி..."

"யாருங்க நிறுத்தறா?" என்று எழுந்து பீரோவைத் திறந்தார். உள்ளே சனிக்கிழமைதோறும் கம்பெனியே வாங்கித் துவைத்து மடித்து வைக்கிற நீலக் கோட்டுகள், காலரில் ஒன்றிலிருந்து முப்பத்துநாலு வரைக்கும் நம்பர் தைத்தவை. அந்த ஹாலில் தைக்கிற, மடிக்கிற, செக்கிங் செய்கிற பெண்கள் எல்லாருடையதும் இருந்தன, அவளுடையதும் இருந்தது. "ரெண்டு மாச ஆர்டர் ஒண்ணு வந்திருக்குது. இன்னும் ரெண்டு மெஷின் போட்டாத்தான் தேதிக்கு முடியும். இடமில்லீங்க. நானும் டேப்ப வெச்சு எல்லாப் பக்கமும் அளந்து பாத்துட்டேன். மெஷின் அகலம் குறையாது, செவுரு நகராது. நடுவுல விட்டிருக்கற இடமெல்லாம் உங்க தோளுக்குத்தான் விட்டிருக்குது. ஒரு தோளுக்கு ஒரு இஞ்சு. ஆளுக்கு ரெண்டு. முப்பத்திநாலு பேரு. நீங்களே பெருக்கிப் பாருங்க."

பெருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவள் மனசு பெருக்கிப் பார்த்துவிட்டது. அறுபத்தெட்டு இஞ்சு வந்தது.

"அவிங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தாள்.

"கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. ஒரு இஞ்சுங்க. அவிங்களுக்கே தெரியாது."

"துணிக்கு ஒடமப்பட்டவிங்க நேர்ல வரோணுமுங்க சார். அதுதானுங்க என்ற வழக்கம்."

"இந்தத் துணிக்கு ஒடமப்பட்டது கம்பெனிங்க" என்றார் தனபாலன் பொறுமையாக. "கம்பெனிதான் உங்களுக்கு எதுத்தாப்புல உக்காந்திருக்குது. பின்ன இன்னொண்ணு. மிஞ்சின துணிய உள்ள விடற வழக்கமெல்லாம் உங்க ஞாயித்துக்கிழமை ஆளுங்களோட வெச்சுக்குங்க. நமக்குத் திருப்பிப் பிரிக்கற வேலையே இல்ல, சுத்தமா வெட்டிருங்க." கோட்டுகளைக் கட்டி அவள் மடியில் வைத்துவிட்டு, "வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரி செவ்வாயும் வெள்ளியும்தானுங்களே? அது பாட்டுக்கு நடக்கட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களையெல்லாம் இன்றைக்கு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, மெஷினுக்கு முன்னால் கட்டைப் பிரித்து வைத்தாள். கோட்டு கம்பெனியுடையதுதானே, துவைத்ததுதானே, ஒருவேளை இதில் பலிக்காது என்று ஒரு நப்பாசை இருந்தது. முதல் கோட்டைக் கையில் எடுத்ததும் அதுவும் போனது. எத்தனை சோப்புப் போட்டாலும் கோட்டில் ஆள் இருந்தாள். ஒன்பதாம் நம்பர் கோட்டின் பையில் தைலம் வாடை, அது செக்கிங்கில் இருக்கிற மயிலாத்தாளுடையது. மூச்சு இரைக்கிறது என்று போன ஆனியில் இதே வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டை மாரில் ஒரு இஞ்சு விட்டுக்கொண்டு, இப்போதுதான் படியேற முடிகிறது என்று கலாமணியின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தவள், ஆறுச்சாமிக்குத் துணையாக இரண்டு வெள்ளிக்கிழமை லீவு போட்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தவள். இன்னொன்றில் இடது தோள் மட்டும் நைந்திருந்தது, பிள்ளையைத் தூங்கவைத்துத் தூங்கவைத்துத் தேய்ந்த தோள் அது. இன்னொன்றில் தண்ணீர்க் குடத்தின் துரு. பதினேழாம் நம்பர் கல்யாணமாகி மூன்று மாதமே ஆன பெண், தோளில் தையல் விட்ட இடத்தைப் பூ வேலை செய்து மறைத்திருந்தாள். கலாமணி சாக்குக்கட்டியை எடுத்தாள், வைத்தாள், மறுபடியும் எடுத்தாள்.

கடைசியில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள், அதாவது வழி என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். பிடிக்கிறது, ஆனால் வெட்டுவதில்லை. ஒவ்வொரு தோளிலும் ஒரு இஞ்சை உள்ளே மடித்துவிட்டு, இழுத்தால் வந்துவிடுகிறமாதிரி நீளத் தையலாகப் போட்டுவிடுவது; ஆர்டர் முடிந்து மெஷின்கள் போன அன்றைக்கு ஒரே சாயங்காலத்தில் முப்பத்துநாலையும் பிரித்துவிடுவது; வெட்டிவிட்டேன் என்று தனபாலனிடம் சொன்னால், அவர் என்ன கோட்டைத் திருப்பி உள்ளேயா பார்க்கப்போகிறார்? இப்படி நினைத்ததும் கை ஓட ஆரம்பித்தது, ஓட ஆரம்பித்த கை கம்பெனிக் கையாக மாறி, யாருடையது என்று பார்க்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தோளைப் பிடித்துக்கொண்டே போனது.

கட்டிலிலிருந்து ஆறுச்சாமி பார்த்துக்கொண்டிருந்தார். "யாருக்குப் புள்ள இத்தன கோட்டு?"

"கம்பெனிக்குங்க மாமா."

"போடறவிங்களுக்குத் தெரியுமா?"

மெஷின் சத்தத்தில் கேட்காததுபோல அவள் இன்னும் வேகமாக மிதித்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். முப்பத்துநாலாவது அவளுடைய கோட்டு. அதையும் அதே அளவுதான் பிடித்தாள், அதே தையல்தான் போட்டாள், ஆனால் மற்ற எதற்கும் நிற்காமல் ஓடிய கை அதற்கு மட்டும் இரண்டு தடவை நின்றது. அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு மெஷின் ஓட வேண்டும். எட்டு மணிக்கே பெண்கள் எல்லாரும் கோட்டுக்காக வந்து கூடிவிட்டார்கள். கலாமணி கட்டைப் பிரித்துக் கொடுக்கப் போனாள்.

"அப்படியே குடுக்கக் கூடாதுங்க" என்றார் தனபாலன். "தெச்சது எதுவா இருந்தாலும் செக்கிங் போயித்தான் வரோணும். மயிலாத்தா, இதையும் ஒரு லாட் பனியனாட்டப் பாத்து விடுங்க."

கலாமணிக்கு அப்போதுதான் உறைத்தது. பதினோரு வருஷமாக இந்தக் கம்பெனியில் இருக்கிறாள், அவள் தைத்த ஒவ்வொரு பீஸும் அந்த மேசைக்குப் போய்த்தான் வெளியே போயிருக்கிறது, அது எப்படித் தோன்றாமல் போனது? செக்கிங் என்றால் வேறொன்றுமில்லை. துணியை உள்பக்கம் திருப்பி, நீட்டிக்கொண்டிருக்கிற நூலையும் மிஞ்சின ஓரத்தையும் பிசிறு என்று கத்தரியால் ஒட்ட வெட்டிவிடுவது. மயிலாத்தாள் பத்தொன்பது வருஷமாக அதைச் செய்கிறவள். வாய் பக்கத்தில் இருப்பவளிடம் நேற்று வைத்த குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், கண் கடிகாரத்தில் இருக்கும், கை மட்டும் துணியைத் திருப்பி வெட்டித் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே எது நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கைக்குப் பொறுக்காது.

முதல் கோட்டைத் திருப்பினாள். "எவடி இவ, இத்தன துணிய உள்ள விட்டுத் தெச்சிருக்கறா? நேத்து வேலைக்கு வந்தவளாட்ட இருக்குது!" என்று சிரித்தாள். பெண்களும் சிரித்தார்கள். கத்தரி ஒரு பக்கத் தோளில் ஓடியது, மறு பக்கத் தோளில் ஓடியது, ஒரு இஞ்சு அகலத்துக்கு இரண்டு நீலத் துண்டுகள் காலடியில் விழுந்தன.

கலாமணி தனபாலனைப் பார்த்தாள். தனபாலன் கீழே விழுந்த துண்டுகளைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். வெட்டச் சொன்னதை அவள் வெட்டவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நீ இப்போது என்ன செய்கிறாய் பார்க்கலாம் என்பதுபோல நின்றார்.

இரண்டாவது கோட்டு. மூன்றாவது. இதோ அடுத்ததற்குச் சொல்லிவிடுகிறேன், அடுத்ததற்குச் சொல்லிவிடுகிறேன் என்று கலாமணி ஒவ்வொரு கோட்டுக்கும் வாயைத் திறக்கப் போனாள், ஒவ்வொரு தடவையும் செவ்வாய்க்கிழமை வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. நாளை செவ்வாய்க்கிழமை. தைலம் வாடை அடிக்கிற ஒன்பதாம் நம்பரை மயிலாத்தாள் எடுத்தாள். தன்னுடையது என்று பார்க்கவில்லை, குழம்பில் புளி கூடிப்போனதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே திருப்பினாள், வெட்டினாள், தள்ளினாள். பதினேழாம் நம்பர் பூவேலையின் ஒரு இதழும் துண்டோடு சேர்ந்து போனது. நைந்த தோள் போனது. துருப் படிந்த தோள் போனது.

முப்பத்து மூன்று கோட்டு முடிந்து, மயிலாத்தாள் கடைசிக் கோட்டை உதறி உள்பக்கம் திருப்பினாள், கத்தரியை வைத்தாள்.

"வெட்டாதீங்க!"

அது யாருடைய குரல் என்று கலாமணியே திரும்பிப் பார்க்கப் போனாள். அதற்குள் அவள் கை பாய்ந்துபோய்க் கோட்டின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

மயிலாத்தாள் காலரைத் திருப்பி நம்பரைப் பார்த்தாள். பிறகு கலாமணி பிடித்திருக்கிற இடத்தைப் பார்த்தாள். அந்த ஊரில் இதற்கு மேல் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை, கலாமணி வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை நிற்காதவள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியும் இல்லை. மயிலாத்தாள் வெட்டிப்போட்டதில் ஒன்பதாம் நம்பரைத் தேடி எடுத்து, தோளை விரல்விட்டு அளந்து, ஒரு இஞ்சு குறைவதைப் பார்த்தாள். தனபாலன் அப்போதுதான் வாயைத் திறந்து, இரண்டு மெஷின், இரண்டு மாசம், ஒரு இஞ்சு என்று அதே பொறுமையோடு எல்லாவற்றையும் சொன்னார்.

"கட்டாயமில்லீங்க. இஷ்டமில்லாதவிங்க கோட்ட மேசை மேல வெச்சுட்டுப் போலாம். கேட்டு தெறந்துதான் இருக்குது."

யாரும் கேட் பக்கம் திரும்பவில்லை. "ஒரு இஞ்சுதானுங்களே, நான் போன தீவாளிக்கு இடுப்புலயே மூணு கொறச்சனே" என்றாள் ஒருத்தி. "பஸ்ஸுல உக்கார எடம் சாஸ்தியாகும் போ" என்றாள் இன்னொருத்தி. பயந்த சிரிப்பு ஒன்று ஓடி அடங்கியது. இஞ்சு அவர்களைத் திடுக்கிட வைக்கவில்லை. அத்தனை கண்களும் கலாமணி பிடித்திருந்த கோட்டுக்குள், வெட்டப்படாமல் இருந்த அந்த இரண்டு துண்டுத் துணியின் மேல் இருந்தன.

"எல்லாத்துக்கும் விட்டிருந்தியா?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

"ஆமாங்க்கா. எல்லாத்துக்கும் ஒரே அளவுதானுங்க விட்டிருந்தேன். அப்பறமாப் பிரிச்சு விட்டர்லாம்னு..."

"முப்பத்திமூணு வெட்டற வரைக்கும் பாத்துட்டுத்தான நின்ன?"

கலாமணி காலடியில் கிடந்த துண்டுகளைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா கத்தரியக் கீழ போட்டிருப்பனேடி. எதுக்குன்னுகூடக் கேட்டிருக்க மாட்டனே."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் கலாமணி அழுதிருப்பாள். ஆறுச்சாமியைச் சொல்லலாமா என்று பார்த்தாள். ஆறுச்சாமியின் பக்கத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை உட்கார்ந்தவளிடம் ஆறுச்சாமியைப் பற்றி என்ன சொல்வது? நின்றவர்களில் புருஷன் படுத்திருக்காதவள், மாமியார் படுத்திருக்காதவள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கட்டாதவள் யார் இருக்கிறார்கள்?

மயிலாத்தாள் கத்தரியைத் திருப்பி, பிடி கலாமணியின் பக்கம் வருகிறமாதிரி நீட்டினாள்.

"இந்தா. உன்றத நீயே வெட்டு."

விட்டுவிடு மயிலக்கா என்று ஒருத்தியாவது சொல்வாள் என்று கலாமணி முகம் முகமாகப் பார்த்தாள். பதினேழாம் நம்பர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள், அவ்வளவுதான். தனபாலன் வாட்சைப் பார்த்தார். வெட்டிவிட்டால் இந்தத் தோள் இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் திரும்பாது, வெட்டாவிட்டால் இந்த முப்பத்து மூன்று பேரின் நடுவில் ஒரு நாளும் உட்கார முடியாது. இரண்டில் எது அதிகப் பயம் என்று அவளுக்கு அந்த நேரத்தில் நன்றாகத் தெரிந்தது.

கத்தரியை வாங்கினாள். இடது தோளில் வெட்டினாள். வலது தோளில் வெட்டினாள். ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது, அதையும் வெட்டினாள். துண்டுகள் மற்ற துண்டுகளோடு போய் விழுந்தன, பெருக்குகிற அம்மாள் வந்து எல்லாவற்றையும் ஒரே சாக்கில் அள்ளிக்கொண்டு போனாள்.

எட்டரை மணிக்குப் பெல் அடித்தது. முப்பத்துநாலு பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு, தோளை ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு, அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். மயிலாத்தாளுக்குக் கொஞ்ச நேரம் இரைப்பு வந்தது, பிறகு அடங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு மெஷினும் வந்து இறங்கின, இடம் சரியாக இருந்தது.